மண்ணீரலும் மண்ணின் வரலாறும்

இருதயத்தைப் பாடாத புலவர் இல்லை. மூளையின் பெருமையைப் பேசாத ஆசிரியரும் இல்லை. ஆனால் இடப்பக்க விலாவின் கீழே, இரைப்பைக்குப் பின்னால், ஓசையின்றித் தன் தொழிலைச் செய்துகொண்டிருக்கும் மண்ணீரலை நினைப்பார் எவருமிலர். அதற்கு நோய் வந்தாலும் "வயிற்றில் ஏதோ கட்டி" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகின்றோம். இச்சிறு உறுப்பின் வரலாற்றை எம் சங்கத்து இளைஞருக்கும் பெரியோருக்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழர் இவ்வுறுப்புகளுக்குப் பெயரிட்ட முறையே இன்பம் தருவது. கல்லைப்போல் இறுகியிருப்பது கல்லீரல். நுரையைப்போல் காற்றுப் பொதிந்திருப்பது நுரையீரல். ஈர மண்ணைப்போல் மென்மையாய், பிசைந்தால் குழைவதாய் இருப்பது மண்ணீரல். நாம் மிஷன் பாடசாலையொன்றில் உயிரியல் கற்றபோது, எலியின் வயிற்றைத் திறந்து ஆசிரியர் அதனைக் காட்டினார். மழை பெய்து ஓய்ந்த பின் கோப்பாய்ப் பக்கத்துச் செம்பாட்டு மண் எந்நிறமாயிருக்குமோ, அந்நிறமாய் அது இருந்தது. பெயரிட்டவன் கண்ணாற் கண்டே பெயரிட்டிருக்க வேண்டுமென்று அன்றே எமக்குத் தோன்றிற்று.

இப்பொருளை நாம் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் ஒன்றுண்டு. எம் சங்கத்தார் நடாத்திய இரத்ததான நிகழ்வொன்றுக்கு முதியவர் ஒருவர் வந்திருந்தார். உடல்நிலையை விசாரித்தபோது அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "தம்பிமார், எனக்கு மண்ணீரல் இல்லை. தொண்ணூற்றைந்தில் செல்லடிபட்டபோது அதை எடுத்துவிட்டார்கள். அது இல்லாமலே இத்தனை வருஷம் இருந்துவிட்டேன். அப்படியென்றால் கடவுள் அதை எதற்காக வைத்தார்?"

எம்மில் ஒருவராலும் அவருக்கு உடனே மறுமொழி கூற முடியவில்லை. வீட்டுக்கு வந்து நூல்களைப் புரட்டத் தொடங்கினோம். அவர் கேட்ட கேள்வி இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட கேள்வி என்பது அப்போதுதான் தெரிந்தது.

பண்டையோர் கண்டது

கிரேக்க அறிஞர் அரிஸ்தோத்தில், மண்ணீரல் உயிர்வாழ்வுக்கு இன்றியமையாததன்று எனக் கருதினார். பின்வந்த காலன் என்னும் மருத்துவர் அதனை மருமம் நிறைந்த உறுப்பு என்றார். கரும்பித்தம் என்னும் ஒரு நீரை அது கல்லீரலிலிருந்து இழுத்துச் சுத்தஞ் செய்கிறதென்பது அவர் கொள்கை. மனச்சோர்வுக்கும் மண்ணீரலுக்கும் முடிச்சுப் போட்டு மேல்நாட்டார் நெடுங்காலம் பேசிவந்ததும் இதனாலேயே. உறுப்பை அறுத்துப் பார்த்து உண்மை தேடும் வழக்கம் வலுத்த பின்னரே தெளிவு பிறந்தது. 1666 இல் இத்தாலியரான மல்பீகி, மண்ணீரலின் செந்நிறச் சதையினிடையே வெண்ணிறச் சிறு மணிகள் பரந்திருப்பதைக் கண்டு எழுதினார். அம்மணிகளின் தொழில் யாதென்பது விளங்க மேலும் நெடுங்காலம் சென்றது.

நிற்க. அந்த அறிவு எம் குடாநாட்டுக்கு வந்த வழியை ஈண்டு நினைவுகூர்தல் தகும். 1820 ஆம் ஆண்டளவில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டாக்டர் ஸ்கடர் பண்டத்தரிப்பில் வைத்தியப் பணி தொடங்கினார். 1847 இல் வந்த டாக்டர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தங்கி, எம் இளைஞருக்கு மேல்நாட்டு வைத்தியத்தைக் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்திற் கற்பித்தவர், பின்னர் 1860களில் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். உடலமைப்பியலை "அங்காதிபாதம்" என்றும், உடற்றொழிலியலைச் "சுகரணம்" என்றும் பெயரிட்டு, மாணாக்கரின் துணையோடு நாலாயிரம் பக்கங்களுக்கு மேல் மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். "மனுஷ அங்காதிபாதம்" 1872 இல் வெளிவந்தது. இன்றும் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் கையிற் கொண்டு திரியும் கிரேயின் உடலமைப்பு நூலே அதன் மூலம்.

அவர் வந்த நோக்கம் சமயப் பிரசாரம் என்பதை எம் சங்கத்துப் பெரியோர் மறக்கமாட்டார், நாமும் மறைக்கவில்லை. எனினும் நன்றி மறப்பது நன்றன்று. உடலினுட் பாகங்களை ஒரு தமிழ் மாணவன் தன் தாய்மொழியிலே படித்து வைத்தியனாகலாம் என்பதை இந்நிலத்திலே செய்து காட்டியவர் அவர். அறுபதுக்கு மேற்பட்டோர் அவரிடம் வைத்தியம் பயின்றனர். 1873 இல் அவர் நாடு திரும்பினார்; 1884 இல் காலமானார். கொழும்பில் 1870 இல் தொடங்கிய மருத்துவப் பாடசாலை ஆங்கிலத்திலே நடந்தது. தமிழில் வைத்தியக் கல்வி நிலைக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் மருத்துவ பீடம் மீண்டும் ஏற்பட 1978 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

குருதியின் சல்லடை

இனி அம்முதியவரின் கேள்விக்கு வருவோம். வளர்ந்த மனிதரின் மண்ணீரல் ஒரு கைப்பிடியளவு. நிறை ஏறத்தாழ 150 கிராம். இவ்வளவு சிறிய உறுப்புக்கு, இருதயம் வெளியேற்றும் குருதியில் இருபதில் ஒரு பங்கு ஓயாமற் பாய்கின்றது. அங்கே நடப்பது இரண்டு தொழில்கள்.

முதலாவது, வடித்தல். மண்ணீரலின் பெரும்பகுதி செஞ்சதையாகும். அங்கே நாடிகளிலிருந்து வெளிப்படும் குருதியில் ஒரு பங்கு, குழாயை விட்டு நீங்கி, சேற்று நிலத்தில் நீர் பரவுவதுபோற் பரவி, மீண்டும் நாளங்களுக்குட் புகவேண்டும். புகும் வாயில்களோ மிக ஒடுங்கிய பிளவுகள். ஒரு மில்லிமீற்றரை ஆயிரம் பங்காக்கினால் வரும் ஒரு பங்கு ஒரு மைக்குரோமீற்றர். செங்குழியம் ஒன்றின் அகலம் அதில் ஏழரை அளவு. பிளவின் அகலமோ ஒன்றுக்கு மேற்படாது. இளைய செங்குழியம் தன்னை மெலிதாக்கி, நெளிந்து, அப்பிளவினூடே நுழைந்துவிடும். நூற்றிருபது நாள் ஓடித்திரிந்து முதுமையுற்று விறைத்த குழியம் நுழையமாட்டாது நிற்கும். அங்கே காத்திருக்கும் விழுங்கு கலங்கள் அதனை விழுங்கிவிடும். விழுங்கியதை வீணாக்குவதுமில்லை, அதிலுள்ள இரும்பு என்பு மச்சைக்குத் திரும்பிப் புதிய குழியங்களுக்குப் பயன்படுகின்றது. அரிசியைச் சுளகிலிட்டுப் புடைத்து, பதரை நீக்கி, மணியை வைக்கும் எம் தாய்மாரின் வேலையே அது.

வியப்பு இன்னுமொன்று. நல்ல குழியத்தினுள்ளே ஏதேனும் தகாத துணிக்கை இருந்தால், குழியத்தை அழிக்காமல் அத்துணிக்கையை மட்டும் பிடுங்கியெடுத்து, குழியத்தைப் போகவிடும் வித்தையும் மண்ணீரலுக்குத் தெரியும். மலேரியாக் கிருமியையும் மருந்துண்டபின் இவ்வாறு குழியத்தினின்றும் நீக்கிவிடுகின்றது.

இரண்டாவது தொழில், காவல். மல்பீகி கண்ட வெண்மணிகள் நிணநீர்க் குழியங்களின் பாசறைகள் என்பதை இன்று அறிவோம். நிணநீர்க் கணுக்கள் நிணநீரைச் சோதிப்பதுபோல, குருதியை நேரே சோதிப்பது மண்ணீரல். குருதியில் வந்த அந்நியக் கிருமி அங்கே இனங்காணப்படும். அதற்குரிய பிறபொருளெதிரிகள் உண்டாக்கப்படும். சிறப்பாக, வழவழப்பான வெல்லப் போர்வையால் தம்மை மூடிக்கொண்டு வரும் பற்றீரியாக்களைப் பிடிப்பதிலே மண்ணீரலுக்கு நிகரான காவலன் உடலில் வேறில்லை.

இது மனிதருக்கு மட்டும் உரியதன்று. முலையூட்டிகள் யாவற்றுக்கும் பொது. சிலவற்றிற்கு மூன்றாவது தொழிலும் உண்டு. குதிரையும் நாயும் ஓடும்போது மண்ணீரல் சுருங்கிச் சேமித்துவைத்த செங்குழியங்களைக் குருதியிற் பாய்ச்சும். நீண்ட நேரம் நீரில் மூழ்கும் கடல்நாய்க்கும் அதுவே துணை. மாடு வளர்ப்போர் அஞ்சும் அடைப்பான் நோயில் இறந்த மாட்டின் மண்ணீரல் கறுத்து வீங்கியிருக்கும். செருமானியர் அந்நோயை மண்ணீரலின் பெயரைக்கொண்டே அழைக்கின்றனர். 1876 இல் றொபேட் கோக் அந்நோயின் கிருமியைக் கண்டு காட்டினார். குறித்த ஒரு நோய்க்குக் குறித்த ஒரு பற்றீரியாவே காரணம் என்று முதன்முதல் ஐயமின்றி நிறுவப்பட்டது அந்நோயிலேதான்.

காய்ச்சலின் கணக்குப் புத்தகம்

இலங்கைக்கும் மண்ணீரலுக்கும் உள்ள உறவு காய்ச்சலால் வந்த உறவு. மலேரியாக் கிருமி செங்குழியத்துள்ளே வாழ்வது. ஆகவே செங்குழியங்களைப் புடைத்தெடுக்கும் மண்ணீரலுக்கு அக்காய்ச்சலில் ஓய்வில்லை. திரும்பத் திரும்பக் காய்ச்சல் கண்ட பிள்ளையின் மண்ணீரல் வீங்கி, விலாவின் கீழே கைக்குத் தட்டுப்படும். மிகப் பெருத்தால் தொப்புளையும் தாண்டும்.

இதனை ஓர் அளவுகோலாக்கியவர் இந்தியாவிற் பணியாற்றிய டெம்ஸ்டர் என்னும் வைத்தியர். 1840களில் யமுனைக் கால்வாயோரத்து ஊர்களுக்குச் சென்று, பிள்ளைகளின் வயிற்றை விரலால் அழுத்தி, எத்தனை பேருக்கு மண்ணீரல் வீங்கியுள்ளதென எண்ணினார். கிருமியையும் எவரும் காணாத காலம் அது. லவரன் அதனைக் கண்டது 1880 இல். நுளம்பே அதனைக் காவுகின்றதென்பதற்கு றொனால்ட் றொஸ் செகந்தராபாத்திலே சான்று கண்டது 1897 இல். கிருமி தெரியாத காலத்திலும் மண்ணீரல் உண்மை பேசிற்று. இன்றைக்கும் இரண்டு முதல் ஒன்பது வயது வரையுள்ள பிள்ளைகளில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேற்படாமல் வீங்கியிருந்தால் நோய் குறைந்த இடம் என்றும், ஐம்பதுக்கு மேற்பட்டால் நோய் ஊறிய இடம் என்றும் கணக்கிடுவது டெம்ஸ்டர் காட்டிய வழியேயாகும். இலங்கையிலும் வைத்தியர் பாடசாலைதோறும் சென்று பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி இவ்வாறு எண்ணினர். ஆற்றோரமும் குளத்தோரமும் வாழ்ந்த பிள்ளைகளின் வயிறுகளே நாட்டின் காய்ச்சற் கணக்குப் புத்தகமாயின.

எம் குடாநாட்டில் ஆறில்லை. சுண்ணாம்புக் கல்லினடியில் ஊறும் கிணற்று நீரே எமக்கு உயிர். வன்னியோ குளங்களின் நாடு. குடாநாட்டார் வயல் செய்ய வன்னிக்குப் போய், நடுங்கிக் குளிர்ந்து காய்ச்சலோடு திரும்பிய கதைகளை எம் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருக்கின்றோம். "வன்னிக்குப் போகிறான்" என்றாற் கொயினாக் குளிசையும் உடன் போகும். அந்நாளில் வன்னியின் விளைநிலங்கள் காடாய்க் கிடந்ததற்குக் காய்ச்சலும் ஒரு காரணம்.

1934 இல் நேர்ந்தது இதற்கு மாறானது. அவ்வாண்டு மழை பொய்த்தது. தென்மேற்கு இலங்கையின் ஆறுகள் ஓட்டமின்றிக் குட்டைகளாய்த் தேங்கின. அவை நுளம்புகளின் தொட்டில்களாயின. ஒக்டோபர் மாதம் தொடங்கிய கொள்ளைக் காய்ச்சல் அடுத்த ஆண்டிலும் தொடர்ந்து, ஏறத்தாழ 80,000 உயிர்களைக் குடித்தது. அக்காலத்து இலங்கையின் சனத்தொகை ஐம்பத்து மூன்று இலட்சமளவே. கேகாலை, குருநாகல் பகுதிகளிற் குடும்பம் குடும்பமாய் மாண்டனர்.

இங்கே சிந்திக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. ஆண்டாண்டாய்க் காய்ச்சல் ஊறிய வறள் வலயத்தார் அக்கொள்ளையில் அவ்வளவாக மடியவில்லை. வீங்கிய மண்ணீரலோடு வளர்ந்த அவர்கள் உடலில் நிர்ப்பீடனம் ஓரளவு இருந்தது. மாண்டவர்களோ காய்ச்சலை அதிகம் அறியாத, மண்ணீரல் சிறுத்திருந்த மக்கள். அப்படியானால் வீங்கிய மண்ணீரல் நன்மையா? நன்மை என்று சொல்ல எம் மனம் ஒப்பவில்லை. வளர்ந்தவர் பெற்ற அந்தக் காப்பு, வளராமலே இறந்துபோன எத்தனையோ குழந்தைகளைக் கொடுத்து வாங்கியது. கணக்கில் வரவு மட்டும் பார்த்துச் செலவைப் பாராதிருத்தல் நீதியன்று.

1945 முதல் டி.டி.ரி. மருந்தை வீடுவீடாய்த் தெளித்தனர். 1946 இல் ஆயிரத்துக்கு இருபதாயிருந்த இறப்பு வீதம் 1947 இல் பதினாலாய்க் குறைந்தது. அதற்கு மருந்தோடு உணவும் வைத்திய வசதியும் எவ்வளவு துணைசெய்தன என்பதைப் பற்றி அறிஞரிடையே வழக்குண்டு. 1963 இல் நாடு முழுவதும் கண்ட நோயாளர் 17 பேர் மட்டுமே. "ஒழிந்தது" என்று கைகழுவினர். 1969 இல் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் காய்ச்சலிற் கிடந்தனர். எம் நாட்டுச் சுகாதார வரலாற்றில் இதைவிடப் பெரிய பாடம் வேறில்லை. போர்க்காலத்தில் வடக்கும் கிழக்கும் மறுபடி துன்புற்றன. 1999 இல் இலங்கையில் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட நோயாளர். பின்னர் இடைவிடா முயற்சியால் உள்ளூரிற் பரவிய இறுதி நோயாளர் 2012 இல் காணப்பட்டார். 2016 செப்டம்பர் 5 ஆந் திகதி இலங்கை மலேரியா அற்ற நாடெனச் சான்று பெற்றது.

முதியவருக்கு மறுமொழி

"மண்ணீரலில்லாமலே இருந்துவிட்டேன்" என்றாரே அப்பெரியார், அது உண்மையே. அடிபட்டுப் பிளந்த மண்ணீரலிலிருந்து குருதி பெருகினால் சிறிது நேரத்தில் உயிர் போய்விடும். அதை எடுத்த சத்திரவைத்தியர் அவருக்கு உயிர்ப்பிச்சை கொடுத்தார் என்பதில் ஐயமில்லை. முதுமையடைந்த செங்குழியங்களை நீக்கும் வேலையைக் கல்லீரல் ஏற்றுக்கொள்கின்றது. சிதறிய மண்ணீரலின் துணுக்குகள் வயிற்றறையில் ஒட்டி, விதை முளைப்பதுபோல் வளர்வதும் உண்டு. ஆயினும் அதனை நம்பியிருத்தல் கூடாது.

ஏனெனில் காவற்றொழிலை முழுதும் ஏற்க வேறொரு உறுப்பில்லை. 1952 இல் அமெரிக்காவில் கிங், சூமேக்கர் என்னும் இரு வைத்தியர்கள், மண்ணீரல் அகற்றப்பட்ட ஐந்து குழந்தைகள் பின்னர் கடுந்தொற்றுக்கு ஆளானதை எழுதினர். அன்றுதான் வைத்திய உலகம் விழித்தது. மண்ணீரலற்றவருக்கு வெல்லப் போர்வைப் பற்றீரியா குருதியிற் புகுந்தால், காலையிற் சாதாரண காய்ச்சலாய்த் தோன்றியது மறுநாள் உயிரையே கொண்டுபோகக்கூடும். இவ்வாறு நேர்வது அரிது. குழந்தைகளுக்கும், அறுவைக்குப் பின் வரும் முதற் சில ஆண்டுகளிலும் இதன் ஆபத்து மிகுதி. ஆனால் ஆயுள் முழுவதும் அது முற்றாக நீங்குவதில்லை.

இதற்குக் காப்பு உண்டு. நியுமோகொக்கசு, மெனிங்கோகொக்கசு, ஈமோபிலசு என்னும் மூவகைப் பற்றீரியாவுக்கு எதிரான தடுப்பூசிகளை வைத்தியரின் ஆலோசனைப்படி பெறவேண்டும். காய்ச்சல் கண்டால் "நாளைக்குப் பார்ப்போம்" என்னாது அன்றே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். சென்றவுடன் "எனக்கு மண்ணீரல் இல்லை" என்பதை முதலிற் சொல்லவேண்டும். நாய் கடித்தாலும், மலேரியா உள்ள நாடுகளுக்குப் பயணஞ் செய்ய நேர்ந்தாலும் அவ்வாறே வைத்தியரை நாடவேண்டும். இவற்றை ஒரு கடுதாசியில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருத்தல் இன்னும் நன்று.

நாம் திரும்பிச் சென்று இவற்றை அப்பெரியாருக்கு எடுத்துச் சொன்னோம். அவர் இதை அதுவரை கேள்விப்பட்டதில்லை. செல்லடியும் இடப்பெயர்வுமாய்க் கழிந்த காலத்திலே, உயிர் தப்பியதே பெரிதென்றிருந்தவருக்கு இதையெல்லாம் சொல்ல எவருக்கு நேரம் இருந்தது? சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, "என்னோடு அந்த நாளில் வாட்டிலே கிடந்தவர்களுக்கும் இதைச் சொல்லவேண்டுமே" என்றார். அவ்வொரு வார்த்தையே இக்கட்டுரையை எம்மைக்கொண்டு எழுதுவித்தது.

இளைஞர் கடமை

மண்ணீரலைப் பற்றிய அறிவு முடிந்துவிடவில்லை. 2021 இல் இந்தோனேசியாவின் பப்புவாப் பகுதியிலிருந்து வெளிவந்த ஆய்வொன்று, காய்ச்சல் ஏதுமின்றி நடமாடியவர்களின் மண்ணீரலிலே மலேரியாக் கிருமிகள் பெருந்தொகையாய் ஒளிந்திருந்ததைக் காட்டிற்று. காவலன் வீட்டிலேயே கள்வன் ஒளிந்திருக்கக் கண்ட கதை இது! குருதித் துளியில் தெரியாத நோயும் ஓர் ஊரில் ஒளிந்திருக்கலாம் என்பதே அதன் பொருள்.

எமக்கு இது தூரத்துச் செய்தியன்று. 2016 டிசம்பரில், நாடு சான்று பெற்ற சில மாதங்களுக்குள்ளேயே, இலங்கையில் முன்பு காணப்படாத அனோபிலசு ஸ்ரெபன்சி என்னும் நுளம்பு மன்னாரிற் கண்டுபிடிக்கப்பட்டது. பின்னர் யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் இனம் அது. ஆறும் காடும் அதற்கு வேண்டியதில்லை. கிணறும் தொட்டியுமே போதும். "எம்மூரில் ஆறில்லை" என்ற பழைய ஆறுதல் இனிச் செல்லாது.

ஆகவே எம் சங்கத்து இளைஞர் செய்யத்தக்கவை இரண்டென்போம். ஒன்று, தத்தம் வட்டாரத்தில் பாவிக்காத கிணறுகளையும் தொட்டிகளையும் மூடுவித்தல். மற்றது, போரிற் காயப்பட்டு மண்ணீரல் இழந்தோரைத் தேடிக்கண்டு, அவர்களுக்கு மேற்கூறியவற்றை எடுத்துச் சொல்லி வைத்தியரிடம் அழைத்துச் செல்லுதல். இவற்றுக்குப் பெருஞ் செலவில்லை. ஒரு துவிச்சக்கரவண்டியும் ஒரு மாலைப்பொழுதும் போதும்.

"கடவுள் அதை எதற்காக வைத்தார்?" என்று கேட்ட பெரியாருக்கு எம்மால் இயன்ற மறுமொழி இதுவே: ஐயா, பயனின்றி வைக்கப்பட்டது ஒன்றுமில்லை. உங்கள் மண்ணீரல் செய்துவந்த காவலை இனி நீங்களும் நாங்களும் சேர்ந்து செய்வோம்.